சந்தனம் பூசிய சேர்வரும் இரண்டாவது பெயரும்

மகளே,

இங்கே எல்லோரும் சுகம். அம்மா சுகம், கந்தோரில் வேலை செய்கிற நஸ்ரின் சுகம், அங்கே குளிர் அறையும் அதற்குள் இருக்கிற இன்சுலின் பெட்டிகளும் சுகம். நான் மட்டும் பொறாமையோடு இருக்கிறேன். மற்ற அப்பாமார் பிள்ளையைப் பிரிந்த கவலையை எழுதுவார்கள். எனக்கும் கவலை இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் பொறாமை வந்து கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அதை எழுப்பி அனுப்பினால்தான் மற்றவை வந்து உட்காரும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ மெல்பேர்னில் இருந்து போன் எடுத்தபோது, புதுக் கொம்பனியில் கணினிகள், இணைய இணைப்புகள், தகவல் சேமிப்பு, பாதுகாப்பு என்று அடியில் ஓடுகிற எல்லாவற்றையும் உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று சொன்னாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பா, எனக்குப் பயமாக் கிடக்கு. இங்க ஒருத்தரையும் தெரியாது. எதில இருந்து துவங்கிறது எண்டு சொல்லுங்கோ" என்றாய். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பல்கனியில் போய் நின்றேன். கடலோரமாக ஒரு ரயில் போய் முடியும்வரை நின்றேன். கணினியைத் திறப்பதற்கே நஸ்ரினைக் கூப்பிடுகிற ஒருவனிடம் நீ யோசனை கேட்டிருக்கிறாய். வாயால் சொல்ல வரவில்லை, ஆகவே எழுதுகிறேன். இன்னொரு கேள்விக்கும் நான் பதில் சொல்லாமல் இருக்கிறேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டிகளை வண்டியில் அடுக்கிவிட்டு, "அப்பா, அந்த ரெண்டாவது பேர் விசயம் என்ன மாதிரி?" என்று கேட்டாய். நான் மாப்பிள்ளையின் பெட்டி சரிகிறது என்று அதைப் பிடிக்கப் போய் நழுவிவிட்டேன். பெட்டி சரியவேயில்லை. இரண்டு கேள்விக்கும் இந்தக் கடிதத்தில் பதில் இருக்கிறது. அம்மா இதைத் தன் வட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பத்தான் போகிறாள், அதனால் உனக்குத் தெரிந்தவற்றையும் தெரியாதவர்களுக்காகச் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் தொழில் மருந்து விநியோகம். கொட்டாஞ்சேனையில் கந்தோர், இரத்மலானையில் பெரிய ஸ்டோர், வெள்ளவத்தையில் வீடு. நீ கந்தோருக்கு வருவதற்கு முன்னால் இந்த மூன்றையும் இணைத்து வைத்திருந்தது என்னுடைய போன். எந்தப் பார்மசியில் எந்த மருந்து எப்போது முடியும், எது எந்த அலுமாரியில் இருக்கிறது, எந்த முதலாளி முற்கோபி, யாரோடு இனிக்க இனிக்கப் பேச வேண்டும் என்பதெல்லாம் என் தலைக்குள் இருந்தது. சாப்பாட்டு மேசையில் கோப்பைக்குப் பக்கத்தில் போன் கிடக்கும். புட்டை வாயில் வைத்தால் அடிக்கும். "அந்தப் போனையே கட்டியிருக்கலாம், என்னை என்னத்துக்குக் கட்டினனீங்கள்?" என்று அம்மா கேட்பாள். நான் சலித்துக்கொள்வதுபோல, "என்ன செய்யிறது, நான் இல்லாட்டி ஒண்டும் நடக்காது" என்பேன். அந்த வசனத்தைச் சொல்லும்போது வாயில் ஊறுகிற இனிப்பு இருக்கிறதே, வட்டிலப்பம் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

படித்து முடித்து நீ கந்தோருக்கு வந்தாய். ஒரு கிழமை ஒரு மூலையில் கதிரையைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாய். பிறகு, "அப்பா, உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தா இத்தினை பார்மசிக்கும் மருந்து போகாது" என்றாய். நீ என்னைப் புகழ்கிறாய் என்று நினைத்து, "ஓம், அதுதானே" என்று சிரித்தேன். "சிரிக்காதேங்கோ, எனக்குப் பயமாக் கிடக்கு" என்று நீ சொன்ன பிறகுதான் அது புகழ்ச்சி இல்லை என்று விளங்கியது. அதன்பிறகு கந்தோருக்குள் பெட்டி பெட்டியாகச் சாமான் வந்தது. கரண்ட் போனால் தாங்குவதற்கு மின்கலப் பெட்டி. எல்லாத் தகவலையும் வைத்திருக்க ஒரு சேர்வர். அதே மாதிரி இன்னொன்று இரத்மலானையில். ஒரு கொம்பனியிடம் ஒரு இணைய இணைப்பு, இன்னொரு கொம்பனியிடம் இன்னொன்று. ஒன்று வேலை செய்ய மற்றது சும்மா கிடக்கிறதே, இது என்ன கூத்து என்று நான் கேட்டேன். சும்மா கிடப்பதற்குத்தான் அது சம்பளம் வாங்குகிறது என்று நீ சொன்னாய். எனக்குத் தெரிந்து எங்கள் கந்தோரில் சும்மா இருந்து சம்பளம் வாங்கியவர்களை எல்லாம் நான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

பொறாமை முதலில் எப்போது முளைத்தது என்றால், அந்தச் சேர்வரை விற்க வந்த பெடியன் கழுத்துப் பட்டியோடு வந்து உட்கார்ந்த அன்றுதான். முதல் இரண்டு நிமிடம் என்னை "சேர், சேர்" என்றான். நீ ஒரு கேள்வி கேட்டாய். "நாளைக்கு உங்கட கொம்பனி எங்களுக்குச் சரிவராட்டி, எங்கட தகவலை எங்களுக்கு எப்பிடித் திருப்பித் தருவீங்கள்?" பெடியன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கதிரையை உன் பக்கம் திருப்பினான். அதன்பிறகு அவன் என்னிடம் பேசிய ஒரே விசயம், தேநீருக்குச் சீனி போதும் என்பது. பெண் பார்க்க வருபவர்கள்கூடப் பெண்ணைப் பெற்றவனிடம் நாலு வார்த்தை பேசுவார்கள். நான் என் சொந்த மேசையில், என் சொந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே, பிஸ்கட் தட்டை நகர்த்துகிற ஆளாக இருந்தேன். ஆனால் அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. நீ இப்போது போயிருக்கிற இடத்திலும் எதை வாங்குவதற்கு முன்னாலும் அதைக் கேள். உள்ளே வரும் வழியை எல்லா வியாபாரியும் காட்டுவான், வெளியே போகும் வழியைக் கேட்டால்தான் அவன் முகம் தெரியும்.

பிறகு அன்ரனால் வந்தது வினை. கொட்டாஞ்சேனைச் சந்திக்குக் கிட்டப் பார்மசி வைத்திருக்கிற அன்ரனும் நானும் ஒரே வயது. நாள் தவறாமல் காலையில் எனக்குப் போன் எடுத்து மருந்து சொல்வான். அந்த மருந்துப் பெயர்களுக்கு இடையில் அவன் மருமகளைப் பற்றியும், கோயில் திருவிழாவில் மாதா சுருவம் தூக்குவதில் வந்த சண்டையைப் பற்றியும், கிரிக்கெட்டைப் பற்றியும் வரும். நீ எல்லாப் பார்மசிக்கும் போனிலேயே மருந்து தெரிவுசெய்து அனுப்புகிற வசதியைக் கொடுத்தாய். ஒரு கிழமை அன்ரனிடமிருந்து அழைப்பு வரவில்லை. ஆளுக்கு என்னவோ ஏதோ என்று நான் அவன் கடைக்கே நடந்து போனேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தான். "மச்சான், சோக்கான சாமான் உன்ர மகள் செஞ்சு தந்திருக்கிறா. உன்னோட கதைச்சா அரை மணித்தியாலம் போயிரும். இது ரெண்டு தட்டு, வேல முடிஞ்சுது" என்றான். அவன் அதைச் சந்தோசமாகத்தான் சொன்னான், எனக்கும் சந்தோசம் வரும் என்று நினைத்துச் சொன்னான். நான் திரும்பி வரும் வழியில் ஒரு பிளேன்டீ குடித்தேன், அது கசந்தது.

இப்போது நான் சொல்லப்போவதற்கு நீ கோபிக்கக் கூடாது. ஒரு நாள் எங்கள் கந்தோர்த் தெருமுனையில் கொள்கலன் லொறி ஒன்று பின்னுக்கு எடுக்கும்போது கம்பத்தில் இடித்தது நினைவிருக்கிறதா? கம்பம் சாய்ந்தது. இரண்டு இணைய இணைப்பும் ஒன்றாகப் போய்விட்டன. இரண்டு கொம்பனி, இரண்டு ஒப்பந்தம், ஆனால் இரண்டு கம்பியும் ஒரே கம்பத்தில்தான் தொங்கிக்கொண்டு வந்திருக்கின்றன. நீ தெருவில் நின்று அந்தக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தாய். உன் முகம் செத்துப் போயிருந்தது. நான் உன் தோளில் கை வைத்து, "பரவாயில்லை பிள்ளை, எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன். உள்ளுக்குள் எனக்குத் தேர்த்திருவிழா. அன்று மாலைவரை என் போன் ஓயாமல் அடித்தது. அன்ரன்கூட எடுத்தான். நான் ஒரு காதில் போனும் மறு காதில் போனுமாக நின்று கட்டளை போட்டேன். நீயோ அழாமல், யாரையும் குறை சொல்லாமல், அடுத்த கிழமையே ஒரு இணைப்பைக் கம்பி இல்லாத வழிக்கு மாற்றினாய். எனக்கு அந்தத் திருவிழா மறுபடி வரவேயில்லை. நீ போன இடத்திலும் இரண்டு வழி இருக்கிறது என்று யாராவது காகிதத்தில் காட்டினால் நம்பாதே. தெருவுக்கு இறங்கிப் போய் அண்ணாந்து பார்.

இனி ஆயுத பூசைக் கதைக்கு வருகிறேன். அம்மா இதை எல்லோருக்கும் சொல்லிச் சிரிக்கிறாள், ஆனால் பாதிதான் அவளுக்குத் தெரியும். எங்கள் கந்தோரில் ஆயுத பூசையன்று தராசு, கல்குலேட்டர், பெட்டி வெட்டுகிற கத்தி, பற்றுச்சீட்டு அடிக்கிற இயந்திரம் எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் போய்விடும். சந்தனம், குங்குமம், பூ வைத்தால் விசயதசமி காலைவரை தொடுவதில்லை. மருந்து நிற்கக் கூடாது என்பதால் லொறிக்கு மட்டும் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் நசித்து அனுப்பிவிடுவோம். அன்றைக்குக் கருவி ஒன்றும் இல்லாமல் நான் வாயாலும் தலையாலும் வியாபாரம் செய்வேன். வருடத்தில் எனக்குப் பிடித்த நாளே அதுதான். சேர்வர் வந்த பிறகு வந்த ஆயுத பூசைக்கு நான் உன்னிடம் வந்து, "இந்தக் கருவிக்கும் ஓய்வு குடுக்கத்தானே வேணும், சாமி குற்றம் எல்லோ" என்றேன். நீ சண்டைக்கு வருவாய் என்று நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். நீயோ கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம் அப்பா, குடுப்பம். நல்ல யோசனை" என்றாய். எனக்குச் சாமியே நேரில் வந்து வரம் தந்த மாதிரி இருந்தது.

நஸ்ரின் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து முறைப்படி சேர்வரை நிறுத்தினாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், நஸ்ரின் கொம்பனித்தெருப் பிள்ளை, மகள் தானே தேர்ந்தெடுத்துத் தன் கைக்குள் வைத்துப் பழக்கிய பிள்ளை. நான் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு போக, "அங்கிள், காத்துப் போற ஓட்டைல பூசிராதீங்க, பக்கத்தில பூசுங்க" என்று எனக்கு இடம் காட்டினாள். விளக்குகள் அணைந்த அந்தப் பெட்டிக்கு மூன்று கோடு சந்தனம், நடுவில் குங்குமம், மேலே செவ்வரத்தம் பூ. நான் போனை முழுதாகச் சார்ஜ் செய்து வைத்திருந்தேன். புதுப் பேனை, வெறும் தாள், ஒரு போத்தல் தண்ணீர் எல்லாம் மேசையில் ஒழுங்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போன் அடிக்கவில்லை. போன் பழுதோ என்று கந்தோர்த் தொலைபேசியில் இருந்து என் இலக்கத்துக்கு நானே எடுத்துப் பார்த்தேன், அடித்தது. நீயும் நஸ்ரினும் கடலை தின்றுகொண்டு ஒரு மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் அன்ரன் எடுத்தான். பேனையைத் தூக்கிக்கொண்டு, "சொல்லு மச்சான், என்ன வேணும்?" என்றேன். "என்னடா, என்ர அவலும் கடலையும் இன்னும் வரேல்ல? ஒவ்வொரு வருசமும் இந்நேரம் அனுப்பிருவியே" என்றான். மருந்து வேண்டாமா என்று கேட்டேன். "அது காலமையே போட்டாச்சு. லொறியும் வந்திட்டுப் போச்சே" என்றான்.

நான் சேர்வரைத் திரும்பிப் பார்த்தேன். சந்தனப் பொட்டோடு நல்ல நித்திரை. நீ எழும்பி வந்து என் பக்கத்தில் இருந்தாய். "கொட்டாஞ்சேனை நித்திரை கொண்டா இரத்மலானை முழிச்சிருக்கும் அப்பா. எத்தினையோ நாளா இதைச் சோதிச்சுப் பாக்கோணும் எண்டு இருந்தன். வேலை நாளில சேர்வரை நிப்பாட்டுங்கோ எண்டா ஒருத்தருக்கும் துணிவு வராது. நீங்கள்தான் வழி காட்டினனீங்கள்" என்றாய். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன். "சொன்னா நீங்கள் போனைச் சார்ஜ் பண்ணியிருக்க மாட்டீங்கள். உங்களை அப்பிடிப் பாக்க ஆசையா இருந்தது" என்றாய். அடுத்த நாள் விசயதசமிக் காலையில் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, நஸ்ரின் அதை எழுப்பினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. தான் இல்லாத நேரம் நடந்ததையெல்லாம் அது இரத்மலானையிடம் கேட்டு வாங்கிக்கொண்டது. கந்தோரில் எல்லோரும் கைதட்டினார்கள். பிள்ளை, ஒரு இரும்புப் பெட்டியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன் என்றால் ஆராவது நம்புவார்களா? அது ஒரு நாள் முழுக்கக் கிடந்து நித்திரை கொண்டது, ஒன்றும் கெடவில்லை, திரும்பி வந்தபோது பூவும் கைதட்டலும். நான் இடுப்பு நாரிப் பிடிப்போடு நெளிந்து நெளிந்து கந்தோருக்கு வந்த நாட்களை அன்றைக்கு நினைத்துப் பார்த்தேன். எனக்கு ஒருவரும் சந்தனம் பூசவில்லை.

இதன்பிறகு உன் கல்யாணம். மண்டபத்தில் கைகொடுத்த வாடிக்கையாளர்களில் பாதிப் பேர், "மகள் போனா நாங்கள் என்ன செய்யிறது அங்கிள்?" என்றார்கள். வேட்டி சால்வையோடு நின்று பல்லைக் காட்டினேன். சேர்வரையும் தகவலின் பிரதிகளையும் முழுதாகத் திறக்கிற அதிகாரம் எப்போதும் இரண்டு பேரிடம் இருக்க வேண்டும் என்று விதி வைத்தவள் நீ. ஏதாவது பிழைத்தால் முதல் பெயருக்குப் போன் அடிக்கும், எடுக்காவிட்டால் இரண்டாவது பெயருக்கு அடிக்கும். நீ முதல், நஸ்ரின் இரண்டு என்று இருந்தது. நீ போகிறபடியால் நஸ்ரின் முதல் ஆனாள். இரண்டாவதாக என் பெயரைப் போடவா என்று கேட்டாய். "என்ர கடையில நான் ரெண்டாவதோ?" என்று குதித்தேன். "போர்டில உங்கட பேர்தானே அப்பா முதல்" என்றாய். "போர்டுக்கு ஆர் போன் எடுக்கினம்?" என்றேன். வேறு யாரையாவது போடு என்றேன். "உங்களைத்தான் போடுவன், இல்லாட்டி காலியாக் கிடக்கட்டும்" என்று நீயும் முறுக்கிக்கொண்டாய். பிடிவாதம் நீ அம்மாவிடம் வாங்கியது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன், அது உண்மையில்லை என்று நம் மூன்று பேருக்கும் தெரியும். அப்படியே நீ விமானம் ஏறிவிட்டாய்.

நீ போன பிறகு எனக்கு வந்த பொறாமைக்கு முன்னால் இதுவரை எழுதியதெல்லாம் சுண்டங்காய். உனக்கு அங்கே மத்தியான இடைவேளை வருகிறபோது இங்கே நாங்கள் கந்தோர் திறக்கிறோம். அந்த நேரத்துக்கு நஸ்ரினின் போன் அடிக்கும். "அக்கா" என்று அவள் முகம் மலரும். போனை எடுத்துக்கொண்டு குளிர் அறைப் பக்கம் போவாள். என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு மெல்லக் கதைப்பாள், சிரிப்பாள். ஒவ்வொரு நாளும்! எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் அம்மா கதைத்து முடித்த மிச்சம். பெற்றவனுக்குக் கிழமைக்கு ஒரு முறை, பெட்டியைப் பார்க்கிறவளுக்கு நாள்தோறும். கந்தோரைப் பற்றி என்னிடம் மறைக்கிற ஏதோ ஒன்றை நீங்கள் இருவரும் பேசுகிறீர்கள் என்று நினைத்தேன். நஸ்ரின் "குட்மோர்னிங் அங்கிள்" என்றால் "ம்" என்று மட்டும் சொன்னேன். அவள் தேநீர் கொண்டுவந்து வைத்தால் ஆறவிட்டேன். அம்மா ஒரு நாள், "அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன செய்தது?" என்று கேட்டாள்.

போன கிழமை நஸ்ரின் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அவர்களுடைய பழைய வீட்டு வரிசையை இடிக்கிறார்கள், புது மாடிக் கட்டடத்தில் வீடு கொடுத்திருக்கிறார்கள், சாமான் எல்லாம் மாற்ற வேண்டும். "அங்கிள், எனக்கு ரெண்டு நாள் லீவு தாங்க. உம்மாக்கு ஏலா, நான்தான் எல்லாம் செய்யோணும். ஆனா ரெண்டாவது பேர் இல்லாம நான் எப்பிடிப் போற? எங்க போனாலும் போன் என்னோடயே ஈக்கி. குளிக்கக்குள்ளயும் கதவுக்கு வெளியில வெச்சிட்டுத்தான் குளிக்கிற" என்றாள். நான் "பார்ப்பம்" என்றேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தக் குளியலறைக் கதவுக்கு வெளியே கிடக்கிற போனைக்கூட எனக்கு வேண்டும்போல இருந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். நீ போன நாளில் இருந்து அவள் ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நான் இல்லாட்டி ஒண்டும் நடக்காது என்று சொல்லும்போது எனக்கு வாயில் இனிப்பு ஊறியது. அவள் அதே விசயத்தைச் சொல்கிறாள், ஆனால் தூக்க முடியாத மூட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவளைப் போலச் சொல்கிறாள். அப்படியிருந்தும் நான் அன்றைக்கு ஓம் சொல்லவில்லை. இரண்டாவது என்ற சொல் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

இரண்டொரு நாள் கழித்துக் காலையில் கந்தோர் திறந்த கையோடு அவள் குளிர் அறைக்குள் பெட்டி மாற்றிக்கொண்டிருந்தாள். மேசையில் கிடந்த அவளுடைய போன் அடித்தது. "அங்கிள், கைல பெட்டி ஈக்கி, கொஞ்சம் எடுத்துப் பேசுங்களேன்" என்று உள்ளே இருந்து கத்தினாள். திரையில் உன் படம். எடுத்துக் காதில் வைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீ தொடங்கிவிட்டாய். "நஸ்ரின், அப்பா வந்திட்டாரா? காலமை சாப்பிட்டவராமோ? நேற்று நாரி நோகுது எண்டு அம்மா சொன்னவ, நடக்கேக்க சாய்ஞ்சு நடக்கிறாரா எண்டு பார். அவருக்குத் தெரியாமப் பார். தெரிஞ்சா நிமிர்ந்து நடப்பார்." நீ, "ஹலோ? ஹலோ? லைன் இல்லையோ?" என்றாய். பிறகு வைத்துவிட்டாய். அன்றைக்கு லைன் போய்விட்டது என்று நினைத்திருப்பாய், பிள்ளை. லைன் நன்றாகத்தான் இருந்தது.

குளிர் அறையின் சூடு கூடினால் நஸ்ரினுக்குச் செய்தி போகும்படி நீ வைத்திருக்கிறாய். கரண்ட் போனால் செய்தி, சேர்வர் களைத்தால் செய்தி. இந்த வரிசையில் உன் அப்பனையும் ஒரு சாமானாகச் சேர்த்துவிட்டாய் என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கோபம் போய்க் கண் கலங்கியது. குளிர் அறைக்குள் போய் நின்றுகொண்டேன், அங்கே நின்றால் குளிரில் கண்ணீர் வருகிறது என்று சொல்லலாம். நஸ்ரின் பெட்டியை இறக்கிவிட்டு, "ஆரு அங்கிள் போன்ல?" என்று கேட்டாள். "உன்ர அக்கா. லைன் வெட்டிப் போச்சு" என்றேன். பிறகு, "அந்த ரெண்டாவது இடத்தில என்ர பேரைப் போடு பிள்ளை. வீடு மாறப் போ" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றவள் நான் மனம் மாறுவதற்குள் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இந்தக் கடிதத்தை நஸ்ரினின் கதிரையில் இருந்துதான் எழுதுகிறேன். நேற்றும் இன்றும் அவளுக்கு லீவு. நேற்று மத்தியானம் என் போனில் எச்சரிக்கை அடித்தபோது நெஞ்சு துள்ளியது, எனக்கு அடிக்கிறதே என்று. ஒரு இணைய இணைப்பு விழுந்திருக்கிறது, மற்றது தூக்கிக்கொண்டது, கொஞ்ச நேரத்தில் முதலாவதும் எழும்பிவிட்டது. நான் செய்தது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை வாசித்ததுதான். அவளுக்குச் சொல்லவில்லை. அவள் அந்நேரம் உம்மாவின் அலுமாரியை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்திருப்பாள். பிறகு எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை, அன்ரனின் கடைக்கு நடந்து போனேன். மருந்து கேட்க ஒன்றும் இல்லாததால் அரை மணித்தியாலமும் மருமகளைப் பற்றியே கதைத்தான்.

எதில் துவங்குவது என்று கேட்டாய். கருவிகளைப் பற்றி எனக்குத் தெரியாது, அதை உனக்கு அங்கேயுள்ளவர்கள் சொல்வார்கள். நீ போய் அந்தக் கந்தோரில் லீவு எடுக்க முடியாமல் இருக்கிற ஆள் யார் என்று விசாரி. தகவல் எங்கே இருக்கிறது, எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதெல்லாம் அந்த ஆளுடைய தலைக்குள்தான் இருக்கும். அவன் பெருமையாகச் சிரிப்பான், அல்லது நஸ்ரினைப் போலக் கண் கறுத்திருப்பான். அவனை முதலில் லீவில் அனுப்பு. என்ன நிற்கிறது, எது தடுமாறுகிறது என்று அந்த நாட்களில் பார்த்துக்கொள், அதுதான் உன்னுடைய முதல் வேலை. அவன் உன்னை வெறுப்பான். நீ வந்த பிறகு தன் போன் அடிக்கவில்லை என்று பொறாமைப்படுவான், நீ தவறும் நாளுக்காகக் காத்திருப்பான். பொறுத்துக்கொள், அப்படிப்பட்ட ஒருவனோடுதானே இத்தனை காலம் ஒரே கந்தோரில் இருந்தாய். இடைக்கிடை அவன் காலையில் சாப்பிட்டானா என்று யாரிடமாவது கேள்.

வருகிற ஆயுத பூசைக்குச் சேர்வரோடு சேர்த்து என் போனையும் படத்துக்கு முன்னால் வைக்கப்போகிறேன். சந்தனத்தை நானே பூசிக்கொள்வேன், காற்றுப் போகிற ஓட்டையை விட்டுவிட்டு. அன்றைக்கு முழுக்க நீ நஸ்ரினோடு எவ்வளவு வேண்டுமானாலும் கதை. நான் சாய்ந்து நடக்கிறேனா நிமிர்ந்து நடக்கிறேனா என்று அவள் சொல்லட்டும், நான் பார்க்காத மாதிரி இருப்பேன். ஆனால் விசயதசமி காலையில் நான் போனை எடுத்துத் திறக்கிற நேரம் நீ கணக்குப் பார்த்து வைத்துக்கொள். கந்தோரில் நான் இரண்டாவது, அதற்கு ஓம் சொல்லிவிட்டேன். அன்றைய முதல் அழைப்பு எனக்குத்தான் வர வேண்டும், அதற்குப் பிறகுதான் நஸ்ரினுக்கு.

உன்னைப் பெற்ற,
பொறாமைக்காரன்